அடுத்த இன்சார்ஜ் சிஸ்டரை உருவாக்குவது எப்படி: வழிகாட்டும் பொறுப்பை முதன்முதலாக ஏற்கும் மூத்த செவிலியர்களுக்கு

இரண்டு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருக்கும் ஒரு வார்டு இன்சார்ஜின் (வார்டுக்குப் பொறுப்பான செவிலியரின்) கைப்பேசி எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த வார்டில் அடுத்த தலைமை உருவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எட்டாம் படுக்கை நோயாளியை ஐ.சி.யு.வுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாமா, நைட் டூட்டிக்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால் யாரை நிறுத்தி வைப்பது, சக்ஷன் மெஷின் பழுதாகிவிட்டதே பக்கத்து வார்டில் கேட்டு வாங்கலாமா என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். நான் இன்சார்ஜாக இருந்த முதல் மூன்று ஆண்டுகளில் என் கைப்பேசியும் இப்படித்தான் ஓயாமல் ஒலித்தது. அது என் அனுபவத்துக்குக் கிடைக்கும் மரியாதை என்று எண்ணியிருந்தேன். என்னைக் கேட்காமல் முடிவெடுக்க நான் யாரையும் பழக்கவில்லை என்பது மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றியபின், "இந்தப் பிள்ளையை அடுத்த பொறுப்புக்குத் தயார்செய்யுங்கள்" என்று கண்காணிப்பாளர் ஒருவரைக் கைகாட்டும்போது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடவும் கதீட்டர் வைக்கவும் வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொடுப்பது வேறு வேலை. அதற்கு நம் மருத்துவமனைகளில் ஓரளவு பழக்கப்பட்ட முறைகள் உண்டு. முடிவெடுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு அப்படிப்பட்ட முறை பெரும்பாலான இடங்களில் இல்லை. பதினைந்து ஆண்டுகள் நோயாளியின் படுக்கையருகே நின்றவர், பணிமூப்பின்படி பதவி உயர்வு ஆணை கைக்கு வந்த மறுநாளே நாற்பது படுக்கைகளுக்கும் பன்னிரண்டு செவிலியர்களுக்கும் பொறுப்பாகிவிடுகிறார். அந்த ஒரே இரவில் அவர் எதையும் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. உலகச் செவிலியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருந்தும், சுகாதாரத் துறையின் தலைமைப் பதவிகளில் அவர்கள் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கையிலேயே சொல்லியது. நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. நான்கைந்து ஆண்டு அனுபவம் பெற்று, வார்டை நடத்தத் தகுதி பெறும் நேரத்தில்தான் நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் புறப்படுகிறார்கள். ஒருவரை மட்டும் தயார்செய்து வைத்திருக்கும் வார்டு, அவருக்கு விசா வந்த நாளில் மீண்டும் தொடக்கத்துக்கே வந்துவிடும்.

முதலில் உங்கள் வேலையை எழுதிப் பாருங்கள்

இளையவரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு சிறிய நோட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செய்த வேலைகளை எழுத வேண்டாம். எடுத்த முடிவுகளை மட்டும் எழுதுங்கள். எந்த நோயாளியைச் செவிலியர் மேசைக்கு அருகிலுள்ள படுக்கைக்கு மாற்றினீர்கள், யாருடைய விடுப்பை ஏற்றீர்கள், யாருடையதைத் தள்ளிப்போட்டீர்கள், மருந்துக்கிடங்கு, இன்டென்டில் (தேவைப் பட்டியலில்) கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்தபோது எதை விட்டுக்கொடுத்தீர்கள், துப்புரவுப் பணியாளர் இருவருக்கிடையே வந்த சண்டையில் யாரிடம் முதலில் பேசினீர்கள் என்று ஒவ்வொன்றையும் ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அப்படி எழுதியபோது ஒரே வாரத்தில் பதினேழு பக்கம் நிரம்பியது. அதில் பாதிக்கு மேற்பட்டவை, நான் முடிவெடுக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் எடுத்தவை. அனுபவம் ஆழமாகும்போது காரணங்கள் மறைந்து கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இதனால்தான் கைதேர்ந்த செவிலியர்கள் பலர் கற்பிக்கத் திணறுகிறார்கள். உங்கள் நோட்டில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரில் "ஏன்" என்று ஒரு வரி எழுத முடிந்தால், உங்கள் பாடத்திட்டம் தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

வேகமாக வேலை செய்பவரையும், சொன்ன சொல்லைத் தட்டாதவரையும் தேர்ந்தெடுக்கத்தான் மனம் முதலில் போகும். இரண்டுமே நல்ல குணங்கள் என்றாலும், தலைமைக்கான அடையாளங்கள் வேறு. இரவு இரண்டு மணிக்கு ஐயம் வந்தால் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். தான் செய்த தவற்றை யார் தாமாகவே வந்து சொல்கிறார், தெரியாததைத் தெரியாது என்று யார் வெட்கப்படாமல் சொல்கிறார், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளரைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைப்பவர் யார் என்று பாருங்கள். அமைதியாக இருப்பதாலேயே ஒருவரை ஒதுக்கிவிடாதீர்கள். என்னிடம் பயின்றவர்களில் நெருக்கடியில் மிகவும் நிதானமாக நின்றவர், கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

தொகுப்பூதியத்தில் இருப்பவர் என்பதற்காகவோ, ஆண் செவிலியர் என்பதற்காகவோ, டிப்ளமோ படித்தவர் என்பதற்காகவோ யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. அதேபோல, தகுதி இருக்கிறது என்பதற்காக விருப்பமில்லாதவரை இழுத்துவிடவும் கூடாது. சிலருக்கு நோயாளியின் அருகில் இருப்பதுதான் நிறைவு. அவர்கள் அந்த இடத்திலேயே மிகச் சிறந்தவர்களாக இருக்கட்டும். தனியாக அழைத்து, வீட்டுச் சூழலையும் கேட்டு, ஒரு வாரம் யோசிக்க நேரம் கொடுங்கள்.

தேர்வு முடிந்ததும் அதை எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், "அந்த அக்காவுக்கு வேண்டிய பிள்ளை" என்ற பேச்சு இரண்டே நாளில் ஹாஸ்டல் வரை போய்விடும். அதன்பின் அந்த இளையவர் நல்லது செய்தாலும் சலுகை என்றே பார்க்கப்படும். முடிந்தவரை ஒரே நேரத்தில் இருவரைத் தேர்ந்தெடுங்கள். இருவர் இருந்தால் ஒருவரையொருவர் பார்த்துக் கற்பார்கள். ஒருவர் போனாலும் வார்டு நிற்காது.

முதல் உரையாடல்

வார்டு மேசையில், மருந்து டிராலிக்கு நடுவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுத்து முடித்தபின், இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நான்கு செய்திகளைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு என்பது முதலாவது. ஆறு மாதம் பொருத்தமாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் தவறாமல் சந்திப்பது என்பது இரண்டாவது. அந்தச் சந்திப்பில் பேசுவது வெளியே போகாது என்பது மூன்றாவது. நான்காவதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: நீங்களே அவருடைய விடுப்புக்கும் மெமோவுக்கும் கையெழுத்திடுபவராக இருந்தால், அதை மறைக்காமல் முன்வைத்துப் பேசுங்கள். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் யாரும் தம் பலவீனத்தைச் சொல்ல மாட்டார்கள். வேறொரு வார்டின் மூத்தவர் வழிகாட்டியாக அமைவது இதனால்தான் நல்லது. சிறிய மருத்துவமனையில் அது முடியாது என்றால், நோயாளிக்கு ஆபத்து வரும் செய்தியைத் தவிர வேறெதுவும் ஆவணமாகாது என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள்.

இந்த முதல் பேச்சிலேயே அவரிடம் சொல்ல வேண்டிய ஓர் உண்மை உண்டு. செவிலியர் ஒருவர் புதியவர், தொடக்கநிலை கடந்தவர், தகுதியர், தேர்ச்சியாளர், வல்லுநர் என்று ஐந்து படிகளில் வளர்கிறார் என்று அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பட்ரிசியா பென்னர் 1984இல் விளக்கினார். ஒரு துறையில் மேல்படியில் இருப்பவரும் பழக்கமில்லாத புதிய சூழலுக்குள் நுழையும்போது கீழ்ப்படிக்குத் திரும்பிவிடலாம் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். எந்த நரம்பும் அகப்படாத குழந்தைக்கும் ஒரே முயற்சியில் கேனுலா போட்டுவிடும் ஒருவர், முதல் ரோஸ்டரை (பணி அட்டவணையை) போடும்போது கை நடுங்கினால் அது அவருடைய குறையாகாது. அங்கே அவர் உண்மையிலேயே புதியவர். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், முதல் தோல்வியில் "எனக்கு இது ஒத்துவராது" என்று ஒதுங்கிப் போகாமல் இருப்பார்.

முடிவுகளைக் கையில் கொடுப்பது

இனி வருவதுதான் இந்தப் பணியின் உயிர். வேலையை ஒப்படைப்பது எல்லோரும் செய்வது. ஸ்டாக் புக்கை எழுதச் சொல்கிறோம், டயட் ஷீட்டை நிரப்பச் சொல்கிறோம். அவை நமக்கு ஓய்வு தருமே ஒழிய, இளையவருக்குத் தலைமையைக் கற்றுத் தருவதில்லை. முடிவையும் அதன் விளைவையும் சேர்த்து ஒப்படைத்தால்தான் அவர் வளர்வார். சிறியதிலிருந்து பெரியதற்கு மூன்று கட்டமாகப் போகலாம் என்பது என் அனுபவம்.

முதல் கட்டமாக, பொறுப்பு ஒப்படைப்பையும் டாக்டரிடம் பேசுவதையும் கொடுங்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பின்னர் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக உலகெங்கும் பரவிய எஸ்பார் (SBAR) முறை இன்று நம் வகுப்புகளிலும் கற்பிக்கப்படுகிறது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள் அதில் உண்டு. நம் செவிலியர்கள் முதல் இரண்டையும் நன்றாகச் சொல்வார்கள், மூன்றாவதில் தயங்குவார்கள், நான்காவதைச் சொல்லவே மாட்டார்கள். டாக்டருக்கு நாம் யோசனை சொல்வதா என்ற கூச்சம் படிக்கும் காலத்திலிருந்தே ஊறியிருக்கிறது.

ஒரு முறை அறுவை முடிந்து ஆறு மணி நேரமான நோயாளி ஒருவரைப் பற்றி, என்னிடம் பயின்ற இளம் செவிலியர் டூட்டி டாக்டரை அழைத்தார். "சார், பதினாலாம் பெட்டுக்கு பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். "பார்த்துக்கோங்கம்மா, வரேன்" என்று மறுமுனை துண்டிக்கப்பட்டது. நான் அழைப்பை எடுத்துப் பேசியிருந்தால் டாக்டர் உடனே வந்திருப்பார். ஆனால் அடுத்த முறையும் என்னைத்தான் தேடுவார்கள். எனவே இருவரும் மேசையில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் எழுதினோம். மீண்டும் அழைத்து அவர் சொன்னது இது: "சார், பதினாலாம் பெட், இன்னைக்குக் காலைல வயிற்று ஆபரேஷன் முடிஞ்சவர், அறுபது கிலோ. பி.பி. 96க்கு 60, பல்ஸ் 118. கடைசி ரெண்டு மணி நேரமா யூரின் மணிக்கு 20 மில்லிதான் வருது. உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்னு சந்தேகப்படுறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வரதுக்குள்ள ரத்தம் கிராஸ் மேட்சுக்கு அனுப்பட்டுமா?" டாக்டர் நான்கு நிமிடத்தில் வார்டில் இருந்தார். முதல் அழைப்புக்கும் இரண்டாம் அழைப்புக்கும் இடையே நோயாளி மாறவில்லை. செவிலியரின் குரல் மாறியிருந்தது. நான் அந்த இரண்டு நிமிடமும் நோயாளியைக் கண்ணிலிருந்து விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளையவருக்குக் கற்பிப்பதற்காக நோயாளியைக் காக்க வைக்கும் உரிமை நமக்கு இல்லை. நொடிகள் முக்கியமான இடத்தில் நீங்களே முன்னால் போய்விட்டு, பாடத்தைப் பிறகு பேசுங்கள்.

இரண்டாம் கட்டம் ரோஸ்டர். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது கட்டம் போட்ட தாள். உள்ளே இருப்பவருக்கு அது பன்னிரண்டு குடும்பங்களின் ஒரு மாதம். காலைக்கு மூவர், மாலைக்கு இருவர், இரவுக்கு இருவர் என்று ஒரு நாளுக்கு ஏழு பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பட்டியலில் பன்னிரண்டு பேர் இருப்பதால் தாராளமாகத் தோன்றும். ஒருவர் பேறுகால விடுப்பில் இருக்கிறார். தமிழ்நாடு அரசுப் பணியில் அது இப்போது பன்னிரண்டு மாதம். மீதிப் பதினொருவரில் வார ஓய்வால் நாளொன்றுக்கு ஒருவரோ இருவரோ குறைவார்கள்; நைட் முடித்த இருவர் நைட் ஆஃபில் இருப்பார்கள். மிஞ்சுவது ஏழு அல்லது எட்டு. இதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கணக்கு உடைந்துவிடுகிறது. இந்த எண்களை இளையவர் தானே தாளில் போட்டுப் பார்த்து உணர வேண்டும். இன்சார்ஜ் ஏன் லீவ் கேட்டால் முகம் சுளிக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குப் புரியும். அவர் நாளை இன்சார்ஜாகும்போது முகம் சுளிக்காமல் காரணம் சொல்லவும் அதுவே உதவும்.

அவர் ரோஸ்டர் போடும்போது மூன்று விதிகளை மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள்: புதியவர் இருவரை ஒரே இரவில் போடக் கூடாது, நைட்டிலிருந்து நேராகக் காலை ஷிப்டுக்கு யாரையும் கொண்டுவரக் கூடாது, பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் ஆகிய நாள்களில் சென்ற ஆண்டு யார் வேலை செய்தார்கள் என்று பழைய நோட்டைப் பார்க்காமல் எழுதக் கூடாது. மீதி அவர் பொறுப்பு. அவர் போட்டதை நீங்கள் திருத்தக் கூடாது. இதில் நான் தவறியிருக்கிறேன். முதல் முறை ஓர் இளையவர் போட்ட ரோஸ்டரை, அவர் வீட்டுக்குப் போனபின் நான்கு இடங்களில் பென்சிலால் மாற்றிவிட்டேன். பாதுகாப்புக்குத் தேவையான மாற்றம் ஒன்றுதான், மற்ற மூன்றும் என் பழக்கத்துக்கு ஒத்துவராதவை. மறுநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் ரோஸ்டர் தாளை வெறுமையாகக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "நீங்களே போட்டுடுங்க மேடம்" என்றார். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பாதுகாப்புக்குக் குறைவான இடம் இருந்தால் அவரை அழைத்து, "இந்த வியாழக்கிழமை இரவைப் பாருங்கள், என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள், திருத்தும் பேனா அவர் கையிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் கட்டமாக, ஒரு முழு ஷிப்டையும், பிறகு ஒரு முழு வாரத்தையும் கொடுங்கள். அந்த வாரத்தில் நீங்கள் வார்டில் இருக்கலாம். ஆனால் மேசையின் தலைமாட்டு நாற்காலியில் உட்காரக் கூடாது. ரவுண்ட்ஸுக்கு வரும் பெரிய டாக்டர் பழக்கத்தால் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார். அப்போது பதிலை விழுங்கிக்கொண்டு, "இந்த வாரம் சிஸ்டர் பொறுப்பில் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் சார்" என்று சொல்லப் பழகுங்கள். வழிகாட்டும் பணியில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். இன்டென்ட், பழுதான பொருள்களைக் கழித்துக்கட்டும் கண்டெம்னேஷன் பட்டியல், எமர்ஜென்சி டிராலியைச் சரிபார்ப்பது, இரட்டைப் பூட்டில் இருக்கும் மார்ஃபின் கணக்கு ஆகியவற்றையும் இந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றை இரண்டு முறை கூட இருந்து செய்தாலே கற்றுக்கொண்டுவிடுவார்.

தவறு நேரும்போது

தவறு வராமல் யாரும் தலைமைக்கு வந்ததில்லை. அப்போது வழிகாட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இளையவர் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டார். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் அதையேதான் திரும்பச் செய்வார்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலிமைகளில் வருகின்றன. 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்து யூனிட் கோடு வரை இழுத்தால், உடலுக்குள் போவது இருபத்தைந்து யூனிட். ஒரு மாலை ஷிப்டில், நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த 100 யூனிட் குப்பியை, வார்டில் இருந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஒரு புதிய செவிலியர் இழுத்துவிட்டார். அன்று ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர் என்னிடம் பயின்றுகொண்டிருந்த இளையவர். ஊசி போடுவதற்கு முன் சரிபார்க்கும்போது அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார்; நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் செய்தியை என்னிடம் சொல்ல வரும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. தன் ஷிப்டில் இப்படி நடந்துவிட்டதே என்ற அவமானம் அவருக்கு.

இத்தகைய நேரத்தில் கேள்விகளின் வரிசை முக்கியம். நோயாளி நலமா என்பது முதல் கேள்வி. அந்தப் புதிய செவிலியர் இப்போது எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது. இது மீண்டும் நடக்காமல் இருக்க எதை மாற்றலாம் என்பது மூன்றாவது. யார் செய்தது என்பதற்கு இந்த வரிசையில் இடமில்லை; அது தானாகவே தெரிந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அந்த இளையவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, நோயாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் இன்சுலினுக்குத் தனித் தட்டும், அதிலேயே ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகளும், தட்டின் மேல் பெரிய எழுத்தில் எண்ணும் வைத்தார். செலவு ஏதும் இல்லாத அந்த ஏற்பாட்டைப் பிறகு மற்ற வார்டுகளும் எடுத்துக்கொண்டன. தவற்றை மூடி மறைக்கச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். நிகழ்வுப் பதிவேட்டில் அவரே எழுதட்டும். மேலிடத்தில் விளக்கம் கேட்கப்படும்போது மட்டும் அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். படுக்கையருகே, நோயாளியும் உறவினரும் பார்க்க யாரையும் கண்டிக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாலும், இன்றைக்கும் அது நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

நேற்றைய தோழி, இன்றைய பொறுப்பாளர்

பொறுப்பு வந்ததும் இளையவர் முதலில் இழப்பது, கூடச் சாப்பிட்ட தோழிகளின் இயல்பான பேச்சை. அவர் வரும்போது அறையில் சிரிப்பு நின்றுவிடும். தன்னைவிட வயதில் மூத்தவரிடம் வேலை சொல்ல வேண்டியிருப்பது அதைவிடக் கடினம். "நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்வதா" என்ற சொல் நேராக வராவிட்டாலும் முகத்தில் வரும். இதற்கு என்னிடம் பயின்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது, கட்டளையைத் தேவையாக மாற்றிச் சொல்வது. "அக்கா, பத்தாம் பெட்டுக்கு டிரெஸ்ஸிங் மாத்திடுங்க" என்பதைவிட, "அக்கா, பத்தாம் பெட்டுக்காரருக்குப் புண் ஆழமா இருக்கு, உங்க கை பட்டா நல்லது" என்பது உண்மையாகவும் இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. ஆனால் அதே அக்கா தாமதமாக வரும் மூன்றாம் நாளில், தனியாக அழைத்து நேரடியாகச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். நயமாகப் பேசுவதையும் தயக்கமின்றிப் பேசுவதையும் இளையவர் ஒன்றாகவே கற்க வேண்டும். இதற்கு உங்கள் சந்திப்புகளில் நடித்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்த மூத்த அக்காவாகப் பேசுங்கள், அவர் பதில் சொல்லட்டும்.

உறவினர்களின் கோபத்தை எதிர்கொள்வதும் இதே வகை. மரணச் செய்தியை டாக்டர் சொல்லும்போது உறவினர்களை வராந்தாவில் நிற்கவைக்காமல் உட்காரவைப்பது, டாக்டர் போனபின்னும் ஐந்து நிமிடம் அங்கேயே இருப்பது, அவர்கள் கேட்கும் கேள்வி மூன்றாம் முறையாக வந்தாலும் அதே பொறுமையுடன் பதில் சொல்வது ஆகியவற்றை முதல் இரண்டு முறை உங்களோடு அவரை நிற்கவைத்துக் காட்டுங்கள். பேச்சு கைகலப்பாக மாறும் அறிகுறி தெரிந்தால் யாரை அழைக்க வேண்டும், எந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்பதையும், மருத்துவமனைப் பணியாளர்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும் சொல்லிவையுங்கள்.

வார்டுக்கு வெளியே

வார்டின் நான்கு சுவருக்குள் மட்டும் வளர்ந்த தலைமை, வார்டு அளவிலேயே நின்றுவிடும். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, தர மேம்பாட்டுக் கூட்டம், மருத்துவமனைத் தூய்மைக்கான காயகல்ப் ஆய்வு ஆகியவற்றுக்கு நீங்கள் போகும்போது இளையவரையும் அழைத்துச் செல்லுங்கள். முதல் கூட்டத்தில் அவர் குறிப்பெடுக்கட்டும்; மூன்றாவது கூட்டத்தில் உங்கள் வார்டின் எண்களை அவரே படிக்கட்டும். அகில இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908 முதல் இயங்குகிறது என்பதும், 1947ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது என்பதும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தம் தொழிலின் விதிகள் எங்கே எழுதப்படுகின்றன என்று தெரியாதவர், அந்த மேசையில் ஓர் இடம் கேட்கவும் மாட்டார். போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று மேற்படிப்புக்கு யார் தகுதியானவர், எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்; படிக்கப் போகிறவருக்கு டூட்டியை மாற்றிக் கொடுப்பதும் வழிகாட்டுதலில் அடங்கும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் செவிலியர் பள்ளி தொடங்கக் காரணமாயிருந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே பயின்று வேறு மருத்துவமனைகளுக்கு மேட்ரன்களாகப் போனவர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1909இல் தொடங்கிய செவிலியர் பயிற்சி, 1946இல் பட்டப்படிப்பாக வளர்ந்ததற்குப் பின்னாலும், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பொறுப்பு மாறிய நீண்ட வரிசை இருக்கிறது. உங்களிடம் பயின்றவர் வேறு வார்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றலாகிப் போனபின்னும் மாதம் ஒரு முறை அழைத்து, "அங்கே எது கடினமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். புதிய பொறுப்பின் முதல் மூன்று மாதத்தில்தான் அந்தக் கேள்வி மிகவும் தேவைப்படும்.

ஆறு மாதம் முடிந்தபின்

ஆறாம் மாத இறுதியில் பத்து நாள் விடுப்பு எடுங்கள். போகும் முன், எந்த மூன்று நிலைமைகளில் மட்டும் உங்களை அழைக்கலாம் என்று இளையவரோடு பேசி எழுதிவையுங்கள். விடுப்பில் இருக்கும்போது நீங்களாக அழைத்து விசாரிக்காதீர்கள். அக்கறையால் அழைத்தாலும் அது சோதனையாகத்தான் தெரியும். திரும்பி வந்ததும், அவர் எடுத்த முடிவுகளில் நீங்கள் வேறு மாதிரி எடுத்திருக்கக்கூடியவை எவை என்று இருவரும் பேசுங்கள். அவற்றில் இரண்டொன்றிலாவது அவர் செய்தது உங்கள் வழியைவிட நன்றாக இருக்கும். அதை அவரிடமும், மற்றவர்கள் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின் அவர் ஒரு நாள் வந்து, "மேடம், எனக்கு டப்ளின்ல வேலை கிடைச்சிருக்கு" என்று சொல்லக்கூடும். மனம் வலிக்கத்தான் செய்யும். குடும்பத்தின் கடனும் தம்பி தங்கைகளின் படிப்பும் அவர் தோளில் இருப்பதை அறிந்தவர்கள் நாம். தடுக்கவும் கூடாது, குற்றவுணர்வை ஏற்றி அனுப்பவும் கூடாது. அவரிடம் கேட்டுப் பெற வேண்டியவை மூன்று உண்டு. புறப்படும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்; முடிவுகளையும் காரணங்களையும் எழுதிவந்த தன் நோட்டை வார்டில் யாரிடம் ஒப்படைப்பது என்று அவரே தேர்ந்தெடுக்க வேண்டும்; அந்த இரண்டு மாதமும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம் அந்தப் புதியவரோடு அவர் உட்கார வேண்டும்.